மூன்று குழல் துப்பாக்கியும் இருபத்து மூன்று நாளும்

புக்கிட் மேரா, சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் வருணுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகள் அனுப்ரியாவும் கனடாக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க முருகன் துணையிருக்கட்டும். நான் நலம் என்று எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது, உயிரோடு இருக்கிறேன், அவ்வளவுதான். இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பாய். என் கைப்பேசி போலீஸிடம் இருக்கிறது, உன் நம்பர் அதற்குள்தான் இருந்தது, என் தலையில் இல்லை. அம்மா இறந்த வருஷம் நீ அனுப்பிய கம்பளிச் சட்டையின் பார்சல் அட்டையிலிருந்து விலாசத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

துப்பாக்கியைக் கொண்டுபோய்விட்டார்கள். குழாய் மாற்ற வருகிறார்கள் என்று ஸ்டோர் ரூமை ஒழித்தபோது உன் தாத்தாவின் இரும்புப் பெட்டிப் பூட்டை உடைத்தேனே, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். நிலப் பத்திரம் இருக்கும் என்று பார்த்தால் எண்ணெய்த் துணியில் சுற்றிய துப்பாக்கி, மேலே இரண்டு குழல், அடியில் ஒன்று. கூடவே தாத்தா டிரைவராக இருந்த ஜொகூர் தோட்டத்துத் துரையின் சீட்டு, ஜப்பான்காரன் சண்டை முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று. துரை வரவேயில்லை, தாத்தா சாகும்வரை பெட்டியைத் திறக்கவில்லை. கீழ்வீட்டு சேவியர் அன்றைக்கே பார்த்துவிட்டு, நடேசா, இது வெளையாட்டு இல்ல லா, இப்பவே போலீஸுக்குப் போன் போடு என்றார். போட்டிருப்பேன். அதற்கு முன்னால் உனக்கு ஒரு படம் அனுப்பினேன், அரை மணி நேரத்தில் நீ கூப்பிட்டாய்.

எத்தனை ஆசையாய்ப் பேசினாய். மேல் இரண்டு குழலும் ரவைக்கு, அடிக்குழல் தோட்டாவுக்கு, பறவைக்கும் பன்றிக்கும் ஒரே துப்பாக்கிப்பா என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாய். குழலின் அடியில் பொடிசாகக் குறிகள் இருக்கும், பக்கத்தில் ஒரு காசு வைத்துப் படமெடுத்து அனுப்பிவிட்டு உடனே ஒப்படைத்துவிடுங்கள் என்றுதான் சொன்னாய், உன்மேல் தப்பில்லை. தேக்காவுக்குப் போய் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வந்து அன்றே எல்லாக் குறியையும் படமெடுத்துவிட்டேன். ஆனால் வெளிச்சம் சரியில்லை, கண் தெரியவில்லை என்று பொய் சொல்லி, ஒரு நாளைக்கு ஒரு படமாக அனுப்பினேன். ஒப்படைத்தாச்சா என்று கேட்டபோதெல்லாம் நாளைக்கு என்றேன். தினம் காலை எட்டு மணிக்கு நீ கூப்பிடுவாய், ஏழு மணிக்கே சவரம் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். கிரீடத்துக்கு அடியில் ஜி என்றால் உள்ளே புரி வெட்டிய குழல் என்பதெல்லாம் எனக்கெதற்கடா, உன் குரல் கேட்டது, எனக்கு அது போதும்.

இருபதாம் நாள் கடைசிக் குறியை அனுப்பினேன். நாலு, இருபத்தேழு, அப்படியென்றால் 1927 ஏப்ரல், ஜெர்மனியில் செய்தது, சூப்பர்ப்பா, எல்லாம் தெரிஞ்சுடுச்சு என்றாய். மறுநாளும் சவரம் செய்துகொண்டு உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் நானே போலீஸைக் கூப்பிட்டேன்.

சட்டம் தெரியாத ஊரா இது, துப்பாக்கியை வைத்திருப்பதே பெரிய குற்றம். பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், இனி நீ வா என்று சொன்னாலும் வர முடியாது. வழக்கு வருமா, என்ன தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, சோறு இறங்கவில்லை. ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி, நம் அனுப்ரியா வயதுதான், ஏன் அங்கிள் இருபத்து மூணு நாள் வச்சிருந்தீங்க என்று கேட்டது. மறந்துவிட்டேன் என்றேன். அது கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, இருபது நாளா டெய்லி மகன் கால் பண்ணியிருக்காரு, அதுக்கு முன்னாடி எட்டு மாசமா ஒண்ணுமே இல்லையே அங்கிள் என்றது. பிறகு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. எழுபத்திரண்டு வயதில் அந்த அவமானம் போதுமடா எனக்கு.

இந்த விஷயத்தை நீ யாரிடமும் பேசாதே, படங்களை எங்கும் போடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, அனுப்ரியாவிடம் கோபப்படாதே. இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருங்கள். சேவியர் வீட்டு நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், காலையில் நான் அங்கேதான் இருப்பேன். துப்பாக்கியை உருக்கிவிடுவார்களாம். உனக்கு அனுப்ப இனி என்னிடம் ஒரு குறியும் இல்லை. சும்மா கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
நடேசன்