பதினொரு குஞ்சுகளும் அண்ணியும்

மார்ச் 4, செவ்வாய்

கோழிக்குஞ்சுகளுக்கு இன்றோடு ஐந்து வாரம். பெட்டி போதவில்லை. காலையில் மூடியைத் தூக்கியதும் ஒன்று எம்பி என் தோளில் உட்கார்ந்துவிட்டது. அண்ணியின் கட்டில், மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பா எல்லாவற்றின் மேலும் மாவு சலித்த மாதிரி இறகுத் தூசி. உடம்பெல்லாம் இறகு முளைத்துவிட்டது. இனி பல்புச் சூடு வேண்டாம். கொல்லையில் கூண்டு தயாராக இருக்கிறது. மாற்ற வேண்டியதுதான்.

ஆனால் மனசு வரவில்லை. காரணம் குஞ்சுகள் இல்லை. அண்ணி.

என் வீட்டுக்காரருடைய அக்கா. அண்ணியின் கணவர் இறந்த மாதமே இவர் போய்க் கூட்டி வந்தார். கூட்டி வந்தவர் லாரி ஓட்டப் போய்விட்டார்; வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மனதார வரவேற்றேன் என்று பொய் எழுத மாட்டேன். கடமைக்குத்தான் அறையை ஒழித்துக் கொடுத்தேன். ஆறு மாதம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் "ம்". காய்ச்சலா என்றால் "ம்ஹும்". வேறு பேச்சில்லை.

பெட்டியை அவர் அறையில் வைத்ததும் யோசித்துச் செய்ததில்லை. பூனை வராமல் சாத்தக்கூடிய கதவு அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் நாள் உள்ளே பேச்சுக்குரல். யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். "உனக்கு மட்டும்தான் பசியா? தள்ளிக்கோ, அதுவும் தின்னட்டும்." குஞ்சோடு பேசிக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல் திரும்பி வந்து, அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன்.

இப்போது அவற்றை அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டால்?

மார்ச் 5, புதன்

தச்சர் வந்து கூண்டைச் சுற்றிப் பார்த்தார். கம்பிவலைக்கும் சட்டத்துக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டுக் காட்டினார். "என் விரல் போனா எலியும் போகும்." அடைத்துக் கொடுத்தார். "பூனைக்கு இந்தத் தாழ்ப்பாள் விளையாட்டுச் சாமான்" என்று இன்னொன்றும் போட்டார். நல்ல மனிதர். கேட்காமலே செய்தார்.

அண்ணியிடம் சொன்னேன்: "சனிக்கிழமை வெளியே மாத்திடலாமா அண்ணி?"

"உன் கோழி. உன் இஷ்டம்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 6, வியாழன்

இரவிலும் பல்பை அணைத்துவிட்டேன். குஞ்சுகள் கண்டுகொள்ளவில்லை. அண்ணி சாப்பிடவில்லை.

மார்ச் 8, சனி

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. முதலில் அதை எழுதிவிட வேண்டும்.

காலையில் துணிக்கூடையில் போட்டு, மேலே துண்டை மூடி மூன்று நடையாகக் கொண்டுபோனேன். கூண்டுக்குள் விட்டதும் கல்லாகச் சமைந்து நின்றன. எல்லாவற்றையும் விரட்டும் ஒன்றுண்டு, மேனேஜர் என்போம், அதுதான் முதலில் மண்ணைக் கொத்தியது. பிறகு ஒரே கும்மாளம். அண்ணி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இருட்டத் தொடங்கியதும் வந்தது வினை. உட்காருவதற்காகப் போட்டிருந்த குறுக்குக்கட்டையில் ஒன்றும் ஏறவில்லை. பதினொன்றும் ஒரு மூலையில் போய் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்துகின்றன. ஒன்றை எடுத்துக் கட்டையில் வைத்தால் குதித்து மறுபடி குவியலுக்கே ஓடுகிறது. அய்யோ, அடியில இருக்கிறது நசுங்கிடுமே! என்ன செய்வேன்? உள்ளே ஓடினேன்.

"அண்ணி, கொஞ்சம் வாங்களேன்! எனக்குத் தெரியலையே!"

என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அண்ணி எழுந்தார். செருப்புகூடப் போடவில்லை. ஏழு மாதத்தில் முதல் தடவையாகக் கொல்லைப்படி இறங்கினார்.

"தள்ளு."

முட்டிவலியோடு குனிந்து கூண்டுக்குள் பாதி உடம்பை நுழைத்தார். "ரெண்டு காலும் கட்டைல படணும். அது பிடிச்சுக்கற வரைக்கும் கையை எடுக்காத." ஒவ்வொன்றாக. முதுகில் கை வைத்து, ஏதோ முணுமுணுத்து, அது அடங்கிய பின்தான் அடுத்தது. பத்து ஏறின. அடியில் கிடந்த பதினொன்றாவது, எல்லாவற்றிலும் சின்னது, தலை தொங்கிக் கிடந்தது.

அண்ணி அதை முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துப் படியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில். அதன் கால்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அவருக்கும் கடைசியில கை இப்படித்தான் சில்லுனு இருந்துச்சு. தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். சூடு வரவே இல்ல" என்றார்.

அவரைப் பற்றி வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தேன். அவர் அழுதார். நானும்.

முந்தானைக்குள் ஏதோ அசைந்தது. "கீச்" என்றது.

"உசுரு இருக்குடி!" என்றார். என்னை முதல் தடவையாக 'டி' போட்டுக் கூப்பிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

பதினொன்றும் உயிரோடு. சின்னது எல்லோருக்கும் முன்னால் தின்கிறது.

"நான் வரலேன்னா என்ன பண்ணியிருப்ப?" என்றார் அண்ணி.

"உட்கார்ந்து அழுதிருப்பேன்."

"அது ஒண்ணு நல்லா வரும் உனக்கு." சிரித்தார்!

அப்போதே சொல்லிவிட்டேன். "இதுங்க வெளியே போயிட்டா நீங்க மறுபடி படுத்துடுவீங்களோன்னு பயந்தேன் அண்ணி."

கொஞ்சநேரம் தண்ணீர்த் தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "நானும் அதுக்குத்தான் பயந்தேன்."

மார்ச் 12, புதன்

ஆறு தாமாகவே ஏறின. ஐந்தை அண்ணி ஏற்றினார்.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு வாரம் அடைத்து வைத்தால்தான் கூண்டு தன் வீடென்று பழகும். இன்று கதவைத் திறந்துவிட்டோம். திறந்த அரைமணியில் மழை! கூண்டுக்குள் ஓட வேண்டும் என்கிற அறிவு ஒன்றுக்கும் இல்லை. துவைக்கிற கல்லுக்கு அடியில் நாலு, வாளிக்குப் பின்னால் மூன்று. நான் சேற்றில் வழுக்கி விழுந்தேன். பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவரே குடையோடு வந்து இரண்டைப் பிடித்துக் கொடுத்தார். மூன்று பேரும் நனைந்தபடி டீ குடித்தோம். அவரும் அண்ணியும் பேசப் பேச, எனக்கு நடுவில் இடமே கிடைக்கவில்லை.

அந்த நேரம் இவர் போன். "அக்கா எப்படி இருக்கா?"

"என்னை ஏன் கேட்கறீங்க? இந்தாங்க, அவங்ககிட்டயே பேசுங்க."

"அப்புறமா பேசுடா தம்பி, கையெல்லாம் சேறு" என்றார் அண்ணி. மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். இவரும் அழுகிறாரோ என்னவோ. நல்ல குடும்பம்.

மார்ச் 27, வியாழன்

சலவைக்கடையிலிருந்து வந்தபோது வீடு அமைதி. கட்டில் காலி. கொல்லையிலும் இல்லை. வாசல் வரை ஓடிப் பார்த்தேன். பிறகுதான் சாப்பாட்டு மேஜையில் காகிதத்தைப் பார்த்தேன்.

"பக்கத்து வீட்டம்மாவோட தீவனம் வாங்கப் போறேன். அப்படியே கடைத்தெருவையும் சுத்திட்டு வருவோம். லேட்டாகும். எனக்காகக் காத்திருக்காம சாப்பிடு. கோழியை எண்ணிப் பார்த்து அடை."

போனேன். நான் தொட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் கட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எண்ணினேன். பதினொன்று. இரண்டு தாழ்ப்பாளையும் போட்டேன்.

பசிக்கிறது. இருந்தாலும் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு, வாசல் பக்கம் காதை வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.