பெவர்லி வீட்டு வாசலில் ஒரு பாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் இங்கே ஆஸ்திரேலியாவில், மில்டுராவில் நலம்.

பயப்படாதீர்கள், ஒரு சின்னச் செய்தி. திராட்சைத் தோட்டத்துக்குப் போகும்போது என் வண்டி இன்னொரு காரை இடித்துவிட்டது. எனக்குக் கீறல்கூட இல்லை. அந்தக் காரில் இருந்த பெவர்லிக்குக் கை முறிந்தது. தவறு என்னுடையதுதான்.

வண்டியின் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "தப்பு உங்க மேலன்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, இழப்பீடு சிக்கலாயிடும்" என்றாள் அங்கிருந்த பெண். சரி என்றேன். ஆனால் மறுநாள் விடிந்ததும், நீங்கள் பின்னித் தந்த பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு பெவர்லி வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். நம் சமோவாவில் வேறென்ன செய்வோம்?

அவள் கணவர் கோலின் வெளியே வந்தார்.

"யாருப்பா அது? என்ன இது?"

"இடிச்சது நான்தாங்க. அடிபட்டவங்க பாயை எடுத்தாதான் மன்னிச்சதா அர்த்தம்."

"தனியாவா வந்த?"

"ஊர்ல குடும்பமே கூட உக்காரும். இங்க யாருமில்ல."

பாயின் ஓரம் உயர்ந்தது. அந்தப் பெரிய மனிதர் உள்ளே நுழைந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், அம்மா! "பெவ், வா! நீதான் எடுக்கணுமாம்!" என்று கத்தினார். அவள் கட்டுப் போட்ட கையோடு வந்து, மறுகையால் பாயை விலக்கினாள்.

காப்பீட்டுப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதை எங்க எழுதுறதுன்னே தெரியலையே" என்றாள்.

பாயை அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். முடிந்தால் கொக்கோவும் இன்னொரு பாயும் அனுப்புங்கள். கொஞ்சம் அகலமாகப் பின்னுங்கள். கோலினின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் தவிட்டா