பூவாயியின் அம்மா வந்தாளா

கள்ளக்குறிச்சி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஜெனிபருக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் பாப்பா டயானா மூவரும் மாதா தயவில் சுகமாக இருக்கிறோம், அங்கே மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். நேற்றுதானே போனில் முகத்தைப் பார்த்தோம், இதில் சுகம் விசாரிக்க என்ன இருக்கிறது என்று நீ சிரிப்பாய். இது போனில் பேச முடியாத விஷயம் அம்மாடி. நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், நீயும் டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பாய், பாதி கேட்டு அழுதுவிட்டு வார்டில் போய் நிற்பாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தியாகதுருகத்து ருக்சார் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறாளாம், முறுக்கு டப்பாவோடு இதையும் அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் முறுக்கைத் தின்று முடி, பிறகு படி. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் தொண்டையில் சிக்கும்.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, ஆனால் கோயில் படி ஏறும்போது மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி முனகுகிறாள். மழை நன்றாகப் பெய்து மொட்டை மாடி மறுபடியும் ஒழுகுகிறது. மாப்பிள்ளை டேவிட் போன வாரம் ஓசூரிலிருந்து வந்து தண்ணீர் மோட்டாரைப் பிரித்து மாட்டிவிட்டுப் போனார், அது இப்போது முன்பைவிட அதிகமாகச் சத்தம் போடுகிறது, அவரிடம் சொல்லிவிடாதே. பாப்பா எல்கேஜியில் மிஸ் சொல்லிக்கொடுப்பதை எல்லாம் வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், தப்பாகச் சொன்னால் முட்டி போட வேண்டும். உன் அம்மாவின் முட்டிக்கு மட்டும் விலக்கு உண்டு, எனக்குக் கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை மலைக்குப் போய் வந்தேன், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும், என் ‘பூவாயி காத்திருக்கிறாள்’ நாவல் வந்த கொஞ்ச நாளில் பதிப்பாளர் தீனதயாளன் வெள்ளிமலைப் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அந்தப் புத்தகத்தைக் கட்டுக்கட்டாக இலவசமாகக் கொடுத்தார் என்று உன்னிடம் போனில் பீற்றிக்கொண்டேன். எனக்கு வந்த பிரதிகளில் முதலாவதை மாதா படத்துக்கு முன்னால் வைத்து ஜெபம் பண்ணி, அம்மா அதற்கு மல்லிகைச் சரம்கூடச் சாத்தினாளே, அதே புத்தகம்தான். அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் சிவசங்கர் நல்ல பையன், பிள்ளைகள் உங்களைப் பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள் சார், வந்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார். எழுதுகிறவனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறும்போது வழக்கம்போல் குமட்டியது, உன் அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

பிள்ளைகள் புத்தகத்தை எப்படிப் படித்திருந்தார்கள் தெரியுமா? அட்டை நைந்து, மூலைகள் மடங்கி, ஓரத்தில் குழம்புக் கறையோடு இருந்தன எல்லாப் பிரதிகளும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பூவாயி சந்தைக்குப் புளி கொண்டுபோய் விற்பது, தராசுக்காரன் ஏமாற்றுவது எல்லாவற்றையும் அவர்களே ஒப்பித்தார்கள். அப்போது சந்தியா என்று ஒரு பெண், ஆறாம் வகுப்பு படிக்கிறாள், ஒல்லியாக இரட்டைச் சடை, எழுந்து நின்று கேட்டாள். "இன்னா தாத்தா, பூவாயிய பஸ் ஸ்டாப்புலயே நிக்க வெச்சிட்டு நீங்க பாட்டுக்குப் போய்ட்டீங்களே, பாவமில்லயா அவ?" எனக்குப் புரியவில்லை. குடகுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போன அம்மா கடைசி அத்தியாயத்தில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள், பூவாயி ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். அதுதானே கதை! புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன் ஜெனி. பஸ் ஹாரன் கேட்டு பூவாயி எழுந்து நிற்கிறாள். பக்கத்தைத் திருப்பினால் அம்மா இல்லை, மறுபடியும் சந்தை, மறுபடியும் புளி, மறுபடியும் தராசுக்காரன். திரும்பவும் ஹாரன் கேட்டு எழுந்து நிற்கிறாள், அதோடு அட்டை வந்துவிடுகிறது.

அச்சகத்தில் பதினாறு பக்கம் சேர்ந்ததை ஒரு ஃபாரம் என்பார்கள். பைண்டிங்கில் அடுக்கும்போது கடைசி ஃபாரம் விட்டுப்போய் அதற்கு முந்தியதையே இரண்டு முறை வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஒரு பிரதி அப்படி வந்தால் சரி, கைத்தவறு. நான் வெறி பிடித்தவன் மாதிரி ஒவ்வொன்றாக வாங்கிப் புரட்டினேன். எல்லாமே அப்படித்தான். பிள்ளைகள் பயந்துபோய் என்னைப் பார்க்கிறார்கள். நான் சந்தியாவிடம், ஏம்மா இது தப்பு என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா, ஒரே சமாச்சாரம் இரண்டு தடவை வந்திருக்கிறதே என்று கேட்டேன். அவள் எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னாள். "தப்பு இல்ல தாத்தா. அந்த பஸ்ல அம்மா வரல. அடுத்த வாரம் மறுபடி சந்தைக்குப் போறா, மறுபடி வந்து நிக்கிறா. பக்கத்து நம்பர்கூட அதே நம்பர்தான் போட்டுக்கீது. எல்லா வாரமும் ஒண்ணு மாதிரிதானே இருக்கும்." மற்ற பிள்ளைகள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்த ஹாஸ்டலில் பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா குடகிலோ கேரளத்தில் மிளகுத் தோட்டத்திலோ இருக்கிறார்கள்.

வராந்தாவுக்கு வந்து தீனதயாளனுக்குப் போன் போட்டேன். அவர் பதறுவார் என்று நினைத்தேன். கொஞ்சம்கூட இல்லை. "அட இன்னா சார், அதுக்கா இவ்ளோ டென்ஷன்? பைண்டிங்ல ஒரு லாட்டு தப்பாப் போச்சி, கடைக்கு அனுப்ப முடியாது, எடைக்குப் போட மனசு வரல. சும்மா குடுத்தேன். மலைப் பசங்கதானே சார், படம் பாப்பாங்க. கடைசி வரைக்கும் எவன் படிக்கப்போறான்?" என்றார். தெரிந்தே கொடுத்திருக்கிறார் ஜெனி! தெரியாமல் இல்லை. அதற்கு நான் பள்ளிக்கூடத்தின் சார்பில் அவருக்குச் சால்வை வேறு வாங்கிப் போட வைத்தேனே. அதன்பிறகு நான் என்ன பேசினேன் என்பதை எழுத மாட்டேன், ருக்சார் நல்ல குடும்பத்துப் பெண், தப்பித்தவறி பிரித்துப் படித்துவிட்டால் மானம் போய்விடும். சிவசங்கர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். இத்தனை வருஷமாக இந்த ஆள் என்னிடம் கதைக்குக் கடைசியில் ஒரு நீதி வையுங்கள் சார், பெற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் புத்தகத்தைப் பெரியவர்கள் எழுதி, பெரியவர்கள் அச்சடித்து, பெரியவர்கள் வாங்குகிறோம், படிப்பது மட்டும் அவர்கள். அந்தப் படிப்பையும் அவர் நம்பவில்லை என்றால் எதற்கு அச்சுப் போடுகிறார்?

என் பையில் சரியான பிரதி ஒன்று இருந்தது. பிள்ளைகளை உட்கார வைத்து, உண்மையான கடைசி அத்தியாயம் இதுதான் கண்ணுகளா என்று சொல்லி உரக்கப் படித்தேன். அம்மா இறங்குகிறாள், கையில் சிவப்புப் பாவாடை, பூவாயி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறாள், அம்மா தூக்கிச் சுற்றுகிறாள். படித்து முடித்தேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள் என்று நிமிர்ந்து பார்க்கிறேன், யாரும் தட்டவில்லை. சந்தியாதான் மெதுவாகக் கேட்டாள், "தாத்தா, இது நீங்க இப்ப எழுதுனதா? நாங்க பாவம்னு சேத்துக்கினீங்களா?" சத்தியமாக இல்லை, முதலிலிருந்தே இருந்தது என்றேன். மரியாதைக்குச் சரி என்று தலையசைத்தாள், நம்பவில்லை. அச்சில் இருக்கிற காகிதத்தைக் காட்டுகிறேன், அப்போதும் நம்பவில்லை! பிறகு அவளே சொன்னாள். "அம்மா வந்தா ஒடனே ஓடமாட்டாங்க தாத்தா. பொங்கலுக்கு எங்கம்மா வந்தாங்க, எந்தம்பி கிட்டயே போவல, கட்டிலுக்கு அடியில பூந்துக்கினான். எங்கம்மா தூக்கப் போனா கடிச்சிட்டான். அப்பறம் போனத் தூக்கிக்கினு வந்து, எங்கம்மாகிட்ட பேசணும் போட்டுக் குடுன்னு அழுவறான். அவனுக்கு அம்மான்னா போன்ல இருக்கறவங்கதான்."

ஜெனி, இங்கே கொஞ்சம் நிறுத்தி மூச்சு விட்டுக்கொள், எனக்கும் வேண்டும். அந்த அத்தியாயத்தை நான் யாருக்காக எழுதினேன் என்று உனக்குத் தெரியும். நீ விமானம் ஏறிய மாதம் எழுதியது. பாப்பாவுக்கு அப்போது சரியாக நடைகூட வரவில்லை. வளர்ந்து கேட்டால் சொல்வதற்கு ஒரு கதை வேண்டும் என்று எழுதினேன், அவளுக்கு மட்டுமா, எனக்கும் உன் அம்மாவுக்கும்தான். அவளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அதைத்தான் சொல்கிறேன். உன் அம்மா வாசலில் நின்று பூவாயியின் அம்மாவாக நடிப்பாள், பாப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள், கட்டிக்கொண்டால் ஒரு வாய் வாங்குவாள். அவள் தயாராகிவிட்டாள், கிறிஸ்துமஸுக்கு நீ வந்து இறங்கினால் இப்படித்தான் ஓடிவருவாள் என்று நானும் நம்பி, உன்னையும் நம்ப வைத்துவிட்டேன். ஓடிவரும்போது அவளைத் தூக்குவதற்கு எடை தூக்கிப் பழகுகிறேன் என்று நீ போனில் சிரித்தாயே, மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும் வழியெல்லாம் அதுதான் காதில் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாவைக் கூப்பிட்டேன். கண்ணு, இப்போது வாசலில் நிஜமாகவே உன் அம்மா வந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள், நீ என்ன செய்வாய் என்றேன். என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "வாசல்லயா? ஆயாதான் வாசல்ல இருக்கும். அம்மா போன்ல இருக்காங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு, போன் வைத்திருக்கும் அலமாரியைக் காட்டினாள். உன் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். நானும் அவளும் அன்று சாப்பிடவில்லை.

உன்னை அழவைக்க இதை எழுதவில்லை. நீ அங்கே போனது தப்பு என்று எங்கள் யாருக்கும் நினைப்பு இல்லை, அப்படி ஒரு எண்ணம் உனக்கு வந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வா. தயார் செய்யாமல் நீ கைநீட்டி, அவள் உன் அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டால் நீ உடைந்துபோவாய், அதற்குத்தான் சொல்கிறேன். சந்தியாவிடம் நான் கேட்டேன், அப்புறம் உன் தம்பியை உங்கள் அம்மா என்னதான் செய்தார்கள் என்று. அவள் சொன்னதைத்தான் இப்போது புதிய கடைசி அத்தியாயமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், அவளிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். தீனதயாளனிடமும் சொல்லிவிட்டேன், இந்த ஃபாரத்தை அச்சடித்து மலைக்கு எடுத்துப்போய், அவரே பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்ட வேண்டும், அதுவரை என் அடுத்த கதையில் ஒரு வரிகூட அவருக்குக் கிடையாது. அதற்கு அவர், "பசங்க நெஜமாவே கடைசி வரைக்கும் படிச்சாங்களா சார்?" என்று கேட்டார். வந்து அவர்களிடமே கேளுங்கள் என்று வைத்துவிட்டேன். வருவாரா என்று தெரியாது. வராவிட்டால் நானே பசை டப்பாவோடு போவேன்.

சந்தியா சொன்னது இதுதான். "எங்கம்மா அழுவல தாத்தா. வெளிய போய், பக்கத்து வூட்டாண்ட பலா மரத்துக்குப் பின்னாடி நின்னுக்கினு போன் போட்டாங்க. தம்பி எடுத்தான். பேசிக்கினே இரு, பேசிக்கினே வெளிய வான்னாங்க. அவனும் பேசிக்கினே வந்தான். போன்லயும் அம்மா பேசுது, மரத்தாண்டயும் அம்மா பேசுது. ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தான். அப்பறம் போனக் கீழ வெச்சிட்டான்."

ஆகவே நான் சொல்வதைக் கேள். நீ வந்து இறங்கும் அன்று மாப்பிள்ளையைக் காரை வீட்டுக்குக் கொண்டுவர விடாதே. தெருமுனையில் அமீர் பாய் கடைக்குப் பக்கத்திலேயே இறங்கிவிடு, பாயிடம் நான் சொல்லி வைக்கிறேன். அங்கே நின்று வீட்டுப் போனுக்குக் கூப்பிடு. பாப்பாதான் எடுப்பாள், நாங்கள் யாரும் தொட மாட்டோம், கதவை மட்டும் திறந்து வைப்போம். தினமும் பேசுகிற மாதிரியே பேசு, சாப்பிட்டாயா, மிஸ் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேள், குரல் உடையக் கூடாது. அவள் வெளியே வந்தாலும் நீ ஓடிவராதே, கை நீட்டாதே, பேச்சை நிறுத்தாதே. அவளாகப் போனைக் கீழே வைக்கும்வரை நீ உன் போனை இறக்காதே. அன்றைக்கு அது நடக்காவிட்டால் உள்ளே வந்து காப்பி குடி, அடுத்த நாள் மறுபடியும் முனைக்குப் போய் நிற்கலாம். உன் லீவு முழுக்க வேண்டுமானாலும் நிற்கலாம் அம்மாடி, நாங்கள் இருக்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெறும் பன்னும் டீயுமாக ராத்திரி டூட்டியை ஓட்டாதே. மாதா உன்னையும் நீ பார்த்துக்கொள்கிற நோயாளிகளையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். அப்பா அம்மாவின் முத்தங்கள். பாப்பா தன் பங்குக்கு இந்தக் காகிதத்தில் ஒரு யானை வரைந்திருக்கிறாள், அது யானை இல்லை, நீதானாம்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அப்பா,
அந்தோணிதாஸ்.

மறக்காதே: விமானத்தில் படம் பார்த்துக்கொண்டே வந்து போனைக் காலி பண்ணிவிடாதே. முனையில் வந்து நிற்கும்போது அதில் நிறைய சார்ஜ் இருக்க வேண்டும்.