மூன்றாம் ஓலைக்கு முன்

ஜூலை 7, திங்கள். இரணியல்

மன்னிக்கணும். படம் எடுக்கிறவள் எழுத வந்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் படத்திலும் சொல்ல முடியவில்லை, அதனால்தான்.

நேற்று சபையில் எங்கள் முதல் ஓலை. ஷிஜினுக்கும் ஷைஜாவுக்கும் கல்யாணம், தடை சொல்ல யாராவது உண்டா என்று போதகர் வாசித்தார். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். அதற்குப் பிறகு பேச்சுக்கு இடமில்லை. யாரும் எழும்பவில்லை. முந்திரி ஆலையில் கறை பிடித்த விரல்களை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

நாளை ஓமானுக்கு. சலாலாவின் மழைக்காலத்தைப் படம் எடுக்க ஒரு ஹோட்டல் கூப்பிட்டிருக்கிறது. என் முதல் வெளிநாட்டு வேலை.

ஜூலை 9, புதன். சலாலா

பாலைவனம் என்று நினைத்து வந்தேன். மலை முழுக்கப் பச்சை. சாலையோரம் இளநீர், வாழைக்குலை. நம் ஊர்ச் சாரல் எனக்கு முன்னால் புறப்பட்டு வந்துவிட்டதா?

காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனித்துப்போகிறது. தெளியும்வரை நிற்க வேண்டும். நிற்கும்போது மூடுபனிக்குள்ளிருந்து ஒட்டகங்கள் வருகின்றன — முதலில் கழுத்து, பிறகுதான் கால்கள். கிட்டே போகத் தயங்கினேன். டிரைவர் பிரைட்டன் அண்ணன் குளச்சல்காரர்.

"போ மக்கா. ஒட்டகம் உன்னைப் பெண்ணு பாக்கவா வந்திருக்கு?"

ஜூலை 13, ஞாயிறு

இரண்டாம் ஓலை. அம்மா போனில் மூச்சுவாங்கச் சொன்னாள்: "ஏட்டி, உன் பேரு வாசிச்சப்போ எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாவ, கேட்டியா?"

கேட்டேன்.

ஜூலை 16, புதன்

ஷிஜினுக்கு ஒட்டகப் படம் அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"அங்கயும் இதே மழைதானா? பின்ன எதுக்கு அவ்வளவு தூரம் போன? நம்ம வேளிமலையில எடுத்தா போராதா?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். "செரி, ஆசை தீர எடு. இதுதான் கடைசிப் போக்குன்னு எங்க அம்மைகிட்ட சொல்லியாச்சு."

யாரைக் கேட்டுச் சொன்னார்? நான் வாயே திறக்கலியே.

நிச்சயத்தன்றும் இப்படித்தான். "சம்மதமா?" என்று போதகர் கேட்டார். நான் குனிந்திருந்தேன். "பிள்ளைக்கு வெக்கம். சம்மதம்தான்" என்றாள் அத்தை. எல்லாரும் கைதட்டினார்கள்.

வெக்கமா அது? இல்ல. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். எழுதிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

விடியற்காலைக் கனவில் இரணியல் ஸ்டேஷன் மூடுபனிக்குள் இருந்தது. ரயில் வர வேண்டிய தண்டவாளத்தில் ஒட்டகங்கள் வந்து நின்றன. யாருக்கும் ஆச்சரியமில்லை. "வாறியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வாறேன்" என்று சொன்னபோது விழித்திருந்தேன். அறையில் என் குரல் இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

அம்மா சபைக்குப் புறப்படும் நேரம் பார்த்து அழைத்தேன். சாரலைப் பற்றிச் சொன்னேன். ஒட்டகங்களைப் பற்றிச் சொன்னேன். அப்புறம் அதைச் சொன்னேன்.

"இவ்வளவு நாளும் வாயில என்னத்த வச்சிருந்த?" என்று கத்தினாள். மூக்கைச் சிந்தினாள். "ஷிஜின்கிட்ட சொன்னியா?"

"நேத்தே சொல்லிட்டேன். போனை வச்சிட்டாரு."

"சபையில நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு இருப்பேன், மக்ளே?"

கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. நடக்கிறாள். அவள் மூச்சோடு சபைக் கோயில் மணியும் கேட்டது.

"செரி, சொல்லு. நான் போய் போதகருகிட்ட என்னன்னு சொல்லட்டு?"

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். ஓலை வாசிக்கதுக்கு முன்ன போனை அவரு கையில குடும்மா. நான் சொல்லுகேன்."