இடது பக்க சீட்டு

ஞாயிறு, மார்கழி 3

நாமக்கல் பட்டறையில் அந்தப் பழைய ஜீப்பைப் பார்த்தேன். நான்கு சக்கரமும் இழுக்கும். கொல்லிமலைக் கல் தடத்தில் தாராளமாக ஏறும். இடது பக்கம், கையால் திருப்புகிற ஸ்பாட் லைட்.

"அதக் கழட்டிக் குடுத்தர்றேனுங்க. பாரஸ்ட்காரங்க பார்த்தா முயல் வேட்டைக்குன்னு புடிச்சுக்குவாங்க" என்றார் விற்கிறவர்.

ஒரு காலத்தில் அதற்குத்தான் போனோம், நானும் மச்சானும். இப்போது முயல் வேண்டாம். அப்போது நாங்கள் வண்டி நிறுத்தும் அந்த மலைமேட்டில் ஓர் இரவு படுத்து எழுந்தால் போதும்.

ஓட்டிப் பார்க்கச் சாவி கொடுத்தார். நான் போய் இடது சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்க, ஸ்டீயரிங் இந்தப் பக்கமுங்க."

முப்பது வருடம் லாரி ஓட்டியவன் நான். ஆனால் மலைக்குப் போனால் ஓட்டுவது மச்சான். லைட் பிடிப்பது நான். வரப்புத் தகராறில் எங்களுக்குள் பேச்சு நின்று நான்கு வருடமாகிறது.

"வண்டி எப்படீங்க?" என்றாள் மனைவி, ராத்திரி வீட்டில்.

"நல்ல வண்டிதான். ஓட்டத்தான் ஆளில்ல."

தன் அண்ணன் நம்பரை எடுத்து, போனை என் பக்கம் தள்ளிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். இன்னும் அழுத்தவில்லை. பட்டறையில் மட்டும், லைட்டைக் கழட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.