சுவரில் தொங்கிய மீதி ரொட்டி

அன்பு மகள் மெஹ்ரிக்கு, அப்பா எழுதுவது. ரஷ்யாவில், அந்தச் சமாராவில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், பனியில் வழுக்கி விழாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே இஸ்ஃபாராவில் நானும் உன் அம்மாவும் உன் மகள் ஷுக்ரோனாவும் சுகம். பசுவும் சுகம். என் முதுகு மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனை எடுத்தால் குட்டி பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறாள், அதோடு எனக்கும் போனில் பொய் சரளமாக வருகிறது. பக்கத்து வீட்டு ஸோகிர் வியாழக்கிழமை அங்கே கிளம்புகிறான். ஆப்ரிகாட் வற்றலும் இந்தக் கடிதமும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வருஷம் ஆப்ரிகாட் பூவில் பனி விழுந்து விளைச்சல் போனதும் ஸோகிரின் தம்பி போனான், இப்போது இவனும் போகிறான். தெருவில் கல்யாணம் என்றால் பிலாவ் அண்டா தூக்க என்னையும் இமாமையும்தான் கூப்பிடுகிறார்கள், இரண்டு பேருக்கும் முதுகு ஒரே லட்சணம். ஏன் போகிறாய் என்று யாரைக் கேட்டாலும் வயிற்றுப்பாடு என்பான். அது பாதி உண்மைதான். ஸோகிர் வாய்க்காலில் தண்ணீர் வராததால் போகிறான், தம்பியோ தன் கூட்டாளிகள் எல்லாரும் போய்விட்டார்கள் என்று போனான். நான் மூன்று கோடைகாலம் அங்கே கான்கிரீட் கொட்டப் போனது, சொன்னால் சிரிப்பாய், உன் மாமன் அங்கே சம்பாதித்துக் கட்டிய மாடி வீட்டைப் பார்த்த வயிற்றெரிச்சலில். நீ எதற்குப் போனாய் என்றும் எனக்குத் தெரியும். உன் புருஷன் அங்கிருந்தே போனில் தலாக் சொன்ன பிறகு, நீ கடைக்குப் போனால்கூட பெண்கள் உன்னைப் பார்த்து ஆளுக்கொரு பெருமூச்சு விட்டார்கள். அதைத் தாங்க முடியாமல்தான் போனாய். ஊரிடம் நான் சம்பளத்துக்காக என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ கிளம்பிய காலையில் அம்மா நீட்டிய ரொட்டியில் ஒரு கடி கடித்தாயே, மீதியைத் துணிப்பையில் கட்டி நிலைக்கு மேலே ஆணியில் மாட்டினோம். நீ திரும்பி வந்து தின்று முடிக்க வேண்டியது. நான் கான்கிரீட் கொட்டப் போனபோதும் அதே ஆணிதான். நவ்ரூஸ் புத்தாண்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று போன வாரம் அம்மா அந்தப் பையை இறக்கினாள். உள்ளே ஒன்றுமில்லை. ஐயோ எம் பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சு, இனிமே அவ வரமாட்டா என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். எலி தின்னதுக்கெல்லாம் ஒப்பாரியா என்று அதட்டினேன். எந்த ஊர் எலி தின்னுட்டு முடிச்சு போட்டு வெச்சிட்டுப் போவும் என்று திருப்பிக் கேட்டாள்.

அப்போது ஷுக்ரோனா வந்தாள். எலி இல்ல தாத்தா, நாந்தான், அம்மா வந்து மீதி ரொட்டிய முடிப்பான்னு நீங்கதானே சொன்னீங்க, அம்மாவுக்கு வேல ஜாஸ்தி, அதான் நானே தின்னு முடிச்சிட்டேன், இப்ப வந்துடுவா இல்ல? மெத்தை அடுக்கின் மேல் ஏறி, குளிர்காலம் முழுக்க, தினம் ஒரு துண்டு உடைத்துத் தேநீரில் நனைத்துத் தின்றிருக்கிறாள். நாலு வருஷ ரொட்டி, கல் மாதிரி இருந்திருக்கும். ஆப்பிள் கடித்து விழுந்தது என்று உனக்குச் சொன்னோமே ஒரு பல், அது இந்த ரொட்டியில் விழுந்தது.

மெஹ்ரி, இலையுதிர் காலத்தில் நீ தாதி வேலை கிடைத்துவிட்டது, வீடும் கிடைத்துவிட்டது, குழந்தையை அழைத்துப்போகிறேன் என்றாய். சமாரா என்றாலே அழுகிறாள், எங்களை விட்டு வரமாட்டாளாம் என்று நான் சொன்னேன். அவள் ஒரு நாளும் அப்படிச் சொல்லவில்லை. அவள் இங்கே இருந்தால்தான் நீ திரும்புவாய் என்று கணக்குப் போட்டேன். வீடு வெறிச்சென்று ஆகிவிடுமே என்ற பயமும் இருந்தது. ஒரு குழந்தையின் பல்லை விழவைத்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. என்னை மன்னித்துவிடு.

மே மாதம் லீவு போட்டு வா, மகளைக் கூட்டிக்கொண்டு போ. தடித்த பூட்ஸ் ஒன்று அவளுக்கு ஒரு அளவு பெரிதாக வாங்கி வை, கால் சீக்கிரம் வளர்கிறது. அங்கே வீட்டில் நம் பாஷையில் பேசு, வெளியே அவர்கள் பாஷையில் பேசட்டும். போகும் முன் நீயும் ஒரு கடி கடிக்கணும்டி என்று அம்மா சொன்னதற்கு ஷுக்ரோனா மாட்டேன் என்கிறாள். நான் அம்மாகிட்டதானே போறேன், நான் எதுக்குக் கடிக்கணும், நீங்க ரெண்டு பேரும் கடிங்க, நான் எடுத்துட்டுப் போறேன், அப்பதான் நீங்க வந்து முடிப்பீங்க என்று நேற்றே எங்களை ஒரு புது ரொட்டியைக் கடிக்க வைத்து, மீதியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். என் பக்கம் பெரிய கடி.

இறைவன் உன் கைக்குத் தெம்பையும் உன் வாசலுக்கு நல்ல மனிதர்களையும் தரட்டும். மறந்துவிடாதே, அந்த ரொட்டியை அங்கே உயரமாக ஆணி அடித்து மாட்டு. பக்கத்தில் மெத்தை அடுக்கி வைக்காதே.

உன் அப்பா,
ராஜப்மத்