மூன்று ஊருக்கு ஒரு வார்டு

பங்குனி, திங்கள்

விடியலில் தூறல், பிறகு நல்ல வெயில். மலை முழுக்கக் காப்பிப் பூ. ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் வாசனை. கூடவே தும்மல்.

இன்றைய வேலை: வார்டு படத்தை மசியில் எழுதுவது. சாலை, வரி பார்க்கிற எங்கள் மலைப் போர்டுக்கு இந்த வருஷம் தேர்தல். அதற்கு முன் மலையை வார்டுகளாகப் புதிதாகப் பிரிக்கச் சொல்லிச் சேலத்திலிருந்து உத்தரவு. பிரித்தவர் எங்கள் போர்டுத் தலைவர், எஸ்டேட் துரை. (இனி பெ.து. பெரிய துரை என்று ஒவ்வொரு தடவையும் எழுதக் கை வலிக்கிறது.) தன் பங்களாவில் சாப்பாட்டு மேஜைமேல் படத்தை விரித்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார். குமாஸ்தாவுக்கு அதன்மேல் மசி ஓட்டுகிற வேலைதான்.

ஒரு இடத்தில் கை நின்றுவிட்டது. மாரமங்கலம் போகிற வழியில் மலைக்காரர்களின் மூன்று சிற்றூர்கள்: நார்த்தங்காடு, ஊத்துமேடு, பலாமரத்தூர். கூப்பிடு தூரத்தில் மூன்றும். நடுவில் கிளை பிரிந்து ஓடும் ஒரு ஓடை. பெ.து. கோடு அவற்றை மூன்று வார்டுகளில் போட்டிருக்கிறது. ஒன்று பஜாரோடு, ஒன்று ஏரிக்கரை பங்களாக்களோடு, ஒன்று அவருடைய எஸ்டேட்டோடு. எதிலும் மலைக்காரர்கள் ஒரு கைப்பிடிதான். மூன்றையும் சேர்த்து ஒரே வார்டாகப் போட்டால் அவர்களில் ஒருவர் கட்டாயம் மெம்பராக வருவார். இப்படி வெட்டினால் எந்தக் காலத்திலும் வர முடியாது.

கேட்டேன். ஓடை இயற்கையான எல்லை என்றார். மேலே கேட்கத் தைரியமில்லை.

வாங்க: மசி, கம்பளி ஒன்று, எலுமிச்சை. வியாழன் தங்கம் வருகிறாள்.

பங்குனி, வியாழன்

மேகம். தங்கம் வந்து சேர்ந்தாள். கல்யாணமாகி இத்தனை மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அவளை அனுப்ப என் மாமியார் வீட்டாருக்கு மனசு வந்தது. மலை ஏறுகிற வளைவு ஒவ்வொன்றிலும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டாளாம். எலுமிச்சை கொண்டுபோனது நல்லதாயிற்று.

வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "ஏனுங்க, மேகம் ஊட்டுக்குள்ளயே வருது. கதவச் சாத்துங்க." சாத்தினேன். ஜன்னல் வழியாக வந்தது. ரொம்ப நேரம் சிரித்தாள். கம்பளி பிடித்திருக்கிறது. நிறம் பிடிக்கவில்லை.

பங்குனி, சனி

கால் வலி. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

வார்டு நோட்டீஸை ஊர் ஊராக ஒட்டி, தண்டோரா போட்டுப் படிக்க வேண்டும் என்பது விதி. நார்த்தங்காட்டுக்குப் போனேன். மூன்று ஊர்ச் சனமும் கூடிவிட்டது. நோட்டீஸை உரக்கப் படித்தேன். "மேற்படி எல்லைக்குட்பட்ட மேற்படி கிராமங்கள்" என்று ஆரம்பித்து ஒரே மேற்படி. தண்டோராக்காரர் உட்பட ஒருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. எனக்கே புரியவில்லை.

மடித்துப் பையில் வைத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னேன். உங்கள் மூன்று ஊரையும் மூன்று வார்டில் போட்டிருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் மனு எழுதிக் கொடுக்கலாம். சேலத்து அதிகாரி இங்கேயே வந்து விசாரிப்பார். இதுவும் நோட்டீஸில் இருப்பதுதான். கடைசி வரியில், பொடி எழுத்தில்.

சின்னண்ணக் கவுண்டர்தான் ஊர்ப் பெரிய மனிதர். மீசையைத் தடவிக்கொண்டு, வெள்ளைக்காரர் காரியத்தில் நாம் ஏன் என்றார். அப்போது பின்னாலிருந்து ஒரு அம்மாள் எழுந்தார். பழனியம்மா. புருஷன் இல்லை. ஆரஞ்சுத் தோட்டமும் சாமைக்காடும் சொந்தமாகப் பார்க்கிறவர். வீட்டு வரி இவர் பெயரில். ஆகவே ஓட்டும் உண்டு. அது இன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"போர்டுல நம்ம ஆளு ஒருத்தர் இருந்தா ஓடைக்குப் பாலம் கேக்கலாமுங்களா?"

கேட்கலாம் என்றேன்.

"அப்ப மனு எழுதுங்க."

பிறகு அந்தப் பாலக் கதை. ஓடையில் ஒரு மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு மழையிலும் அடித்துக்கொண்டு போகும். நாலு வருஷத்துக்கு முன் பழனியம்மாவின் மருமகளுக்கு வலி எடுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்து, தாண்ட முடியாமல் கரையிலேயே பிரசவம். குடை பிடித்துக்கொண்டு. பெண் குழந்தை. இப்போது அது அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது, மூக்கொழுக. போர்டில் எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. ஏரிக்கரைச் சாலைக்கு வருஷா வருஷம் கப்பி போடுகிறோம்; இந்தப் பக்கம் ஒரு பலகை போட்டதில்லை. அந்தச் சாலைக் கணக்கை எழுதுகிறவன் நான்.

மனுவை அவர்களே எழுதச் சொன்னேன். ஊத்துமேட்டில் நாலாவது படித்த ஒரு ஆள் இருக்கிறார்.

திரும்பும் வழியில் எஸ்டேட் லயம், கூலிக்காரர்களின் வரிசை வீடுகள். காப்பிக்காட்டில் வேலை செய்கிற மாரியாயி வழிமறித்தாள். தண்டோரா அங்கேயும் கேட்டதாம். "எங்கள எந்த வார்டுலிங்க போட்டிருக்குது?" பெ.து. எஸ்டேட் வார்டில் என்றேன். அப்படியானால் ஓட்டுப் போட எப்போது வர வேண்டும் என்றாள். லயம் எஸ்டேட்டுக்குச் சொந்தம், வீட்டு வரி உங்கள் பெயரில் இல்லை, ஆகவே ஓட்டு இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வார்டை வார்டாக்க இவர்கள் தலையைத்தான் எண்ணியிருக்கிறோம். அவள் கோபப்படவில்லை. "சரிங்க" என்று கூடையை எடுத்துக்கொண்டு போனாள். கோபப்பட்டிருக்கலாம்.

பங்குனி, புதன்

மனு வந்துவிட்டது. மூன்று ஊர்க் கைநாட்டும் கையெழுத்தும். கடைசியில் சின்னண்ணக் கவுண்டருடையதும்! பழனியம்மா விடவில்லையாம்.

பெ.து. கூப்பிட்டார். நோட்டீஸைப் படித்தாயா, விளக்கினாயா என்று கேட்டார். படித்தேன், விளக்கவும் செய்தேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. அந்த மக்களுக்கு வேண்டியதை நானே பார்த்துச் செய்ய மாட்டேனா, அவர்களுக்கு எதற்கு இந்தத் தொந்தரவு என்றார். மனதார அப்படித்தான் நினைக்கிறார். காய்ச்சல் காலத்தில் தன் கையால் மருந்து கொடுத்த மனிதர். பிறகு, சங்ககிரியில் ஒரு குமாஸ்தா தேவைப்படுகிறதாம் என்றார். போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

தங்கத்திடம் சொன்னேன். "சங்ககிரியில மேகம் ஊட்டுக்குள்ள வராதில்லீங்க?" என்று கேட்டுவிட்டு எந்தப் பாத்திரத்தை எதற்குள் அடுக்குவது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள். பயந்தவனுக்கு இப்படி ஒரு பெண்டாட்டி.

சித்திரை, செவ்வாய்

விசாரணை நாள். முழுதும் எழுத வேண்டும்.

இரவு பேய்மழை. காலையில் எதிரில் இருக்கிறவர் முகம் தெரியாத அளவு மூடுபனி. சேலத்திலிருந்து டிப்டி கலெக்டர் காரில் வந்தார். நம் தமிழர், குண்டு, நல்ல கோட்டு. மலை வளைவுகள் ஆளை ஆட்டிவிட்டன. இறங்கியதும் தாழ்வாரத்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஓடிப்போய் வீட்டிலிருந்து எலுமிச்சை கொண்டுவந்தேன்.

பெ.து., பஜார் செட்டியார், நான். மனுதாரர் ஒருவரும் இல்லை. நேரம் ஆகிக்கொண்டே இருக்கிறது. ஆட்சேபம் சொல்ல யாரும் வரவில்லை, முடித்துவிடலாம் என்றார் பெ.து. டிப்டி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: முடிக்கலாம், ஆனால் என்னால் இப்போது எழுந்திருக்க முடியாது. பழத்தை முகர்ந்துகொண்டு அப்படியே கிடந்தார். நானும் ரோட்டையே பார்த்துக்கொண்டு.

பனிக்குள்ளிருந்து முதலில் இருமல் சத்தம். பிறகு ஒவ்வொருவராக, மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு. மூன்று ஊரும். ஆண், பெண், கைக்குழந்தை. முழங்கால் வரை சேறு. முன்னால் சின்னண்ணக் கவுண்டர், புது வேட்டி, அதுவும் சேறு.

ஏன் தாமதம் என்று டிப்டி கேட்டார். கவுண்டர் நாலு நாளாக ஒரு பேச்சைப் பாடம் பண்ணியிருந்தார். ஒரு வார்த்தையும் வரவில்லை. மீசைதான் ஆடியது. பழனியம்மா பதில் சொன்னார்.

"ராத்திரி மழையில மரம் போயிருச்சுங்க. பலாமரத்தூரு வழியாச் சுத்திக்கிட்டு வந்தோமுங்க."

மூன்று வார்டுக்கு ஆட்சேபம் என்ன என்று கேட்டார்.

"கல்யாணம், காடு, கோயிலு எல்லாம் ஒண்ணுங்க. கேக்க வேண்டியதும் ஒண்ணுதானுங்க. மூணு எடத்துல நின்னு கேட்டா ஒருத்தர் காதுலயும் விழுகாதுங்க."

பெ.து. ஓடை இயற்கையான எல்லை என்று இங்கிலீஷில் விளக்கினார். கண்ணியமாகத்தான் சொன்னார். டிப்டி யோசித்துவிட்டு, ஓடையைப் பார்க்கலாமா என்றார். கார் போகாது என்றேன். காரைப் பற்றிப் பேசாதே என்றார்.

நடந்தோம். வெயில் வந்துவிட்டது. ஓடையில் கலங்கல் வெள்ளம். மரம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அக்கரையில் ஒரு பெண் இக்கரையிலிருந்த தன் கொழுந்தனைக் கூப்பிட்டு, மாடு அவிழ்த்துக்கொண்டதை இவ்வளவு நேரமாகப் பார்க்கவில்லையா என்று வைதுகொண்டிருந்தாள். கொழுந்தன் இங்கிருந்தே பதில் கொடுத்தான். டிப்டி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்து திரும்பிக்கொண்டேன். பெ.து.வும் திரும்பிக்கொண்டார்.

திரும்பும்போது டிப்டியிடம் லயத்து ஆட்களைப் பற்றிக் கேட்டேன். தலைக்கணக்கில் சேர்க்கிறோமே, ஓட்டு இல்லையே. நின்று என்னைப் பார்த்தார். "அது உம்ம கோட்டில் இல்லை ஐயா, சட்டத்தில் இருக்கிறது" என்றார். மாரியாயியைப் பார்க்கப் போகவில்லை. போய் என்ன சொல்ல?

சித்திரை, வெள்ளி

உத்தரவு வந்தது. மூன்று ஊரும் ஒரே வார்டு. பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக் கோடு போட்டேன். கையில் மசி, சட்டையில் மசி. தங்கம் திட்டினாள். இன்று எதுவும் உறைக்கவில்லை.

சங்ககிரிப் பேச்சைப் பெ.து. மறுபடி எடுக்கவில்லை. பாத்திரங்கள் மீண்டும் பரணுக்கு.

வைகாசி, திருவிழா

சேர்வராயன் கோயில் திருவிழா. தங்கத்தோடு போனேன். கூட்டம், தூசி, பொரிகடலை, வளையல் (தங்கத்துக்கு, சிவப்பு).

சேதி: ஒரே வார்டு கேட்டு ஒன்றாக வந்தவர்கள் இப்போது இரண்டு கட்சி! சின்னண்ணக் கவுண்டர் தனக்குத்தான் என்று நினைத்திருந்தார். ஊத்துமேட்டுக்காரர்கள் பழனியம்மா பெயரைக் கொடுத்துவிட்டார்கள். பொம்பளை போர்டில் உட்காரலாமா என்று கவுண்டர் என்னிடம் வந்து கேட்டார். சட்டத்தில் இடமுண்டு என்றேன். சட்டத்தின் மேல் அவருக்கு இருந்த பிரியம் போய்விட்டது.

குகைக் கோயிலுக்குள் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக. கூரை தாழ்வு, குனிந்துதான் போக வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்காமலே குனிந்து போனார்கள். வெளியே வந்ததும் இவர் ஒரு மரத்தடி, அவர் ஒரு மரத்தடி. இரண்டு இடத்திலும் எங்களுக்கு நீர்மோர்.

ஆனி, ஓட்டு நாள்

சாரல். நார்த்தங்காட்டிலேயே பந்தல் போட்டு ஓட்டுச்சாவடி. எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஆளுக்கொரு நிறப் பெட்டி. கவுண்டருக்குப் பச்சை, பழனியம்மாவுக்கு மஞ்சள். மஞ்சள் பெட்டிக்கு முன்னால் யாரோ கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். ஓட்டுச்சீட்டுக்குப் பக்கத்தில் நெருப்பு! சொம்புத் தண்ணீரோடு பாய்ந்தேன். பெட்டி தப்பியது, என் வேட்டி நனைந்தது. மஞ்சளைக் கண்டால் கும்பிடத் தோன்றாதா, இது என்ன நியாயம் என்று கவுண்டர் ஆட்சேபம் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

எண்ணியதில் பழனியம்மா. கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு பலாப்பழத்தோடு திரும்பி வந்து பழனியம்மா முன்னால் வைத்தார். "எனக்குப் போட்டவங்களுக்கும் பாலம் வேணும், பாத்துக்க" என்றார்.

"உங்களையும் கூட்டிக்கிட்டுத்தாண்ணா எடம் பாக்கப் போகோணும்."

ஆடி, போர்டுக் கூட்டம்

காற்று. ஓடு இரண்டு பறந்தது.

முதல் கூட்டம். பழனியம்மா வந்தார், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று நான் தமிழில் சொல்ல வேண்டும்.

முதல் விஷயம்: ஏரிப் படகுக் கொட்டகைக்கு வர்ணம். யாராவது எதிர்க்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே பெ.து. அடுத்த தாளைப் புரட்டிவிட்டார். எப்போதும் அப்படித்தான். பழனியம்மா கையைப் பாதி தூக்கினார். "வர்ணம் அடுத்த வருசம் அடிக்கலாமுங்க" என்றார். நான் சேர்ந்ததிலிருந்து மினிட் புத்தகத்தில் "ஏகமனதாக" என்பதைத் தவிர வேறொன்று எழுதியதில்லை. இன்று "எதிர்ப்பு" என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.

வர்ணம் ஒருவழியாக நிறைவேறியது. அடுத்தது ஓடைப் பாலம். பஜார் செட்டியார் தொண்டையைக் கனைத்தார். ஆரஞ்சும் மிளகும் அந்த வழியாகத்தான் தன் கடைக்கு வருகிறது, மழைக்காலத்தில் பாதி அழுகிப்போகிறது என்றார். இத்தனை வருஷம் இதைச் சொல்ல அவருக்குத் துணை இல்லை போலும். கை தூக்கினார். பழனியம்மா இந்தத் தடவை முழுக் கையையும். மஞ்சக்குட்டை வார்டு மெம்பர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தூக்கினார். ஏரிக்கரை மெம்பர் தூக்கவில்லை.

பெ.து. ஜன்னலைப் பார்த்தார், பழனியம்மாவைப் பார்த்தார். கையைக் காது வரைக்கும் கொண்டுபோனார். தூக்கினாரா, காதைச் சொறிந்தாரா, தெரியாது.

ஆதரவு என்றே எழுதிவிட்டேன். பெ.து. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.